இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பேர் அவரிடம் கற்றவர்களுக்குப் பயந்து ஓரமாக நடக்கிறவர்கள் என்று அவர் மனைவி சொல்வார். பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் மாஸ்டரின் கால் அதை அமுக்கும். அதனால் பிரேக் மாஸ்டர் என்று பட்டப்பெயர் விழுந்து, நாளாக நாளாகத் தேய்ந்து வெறும் மாஸ்டர் ஆயிற்று. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாக வந்தால்கூட அவர் கால் தரையை அமுக்கும்.

இத்தனைக்கும் அவர் ஸ்டீயரிங் பிடித்தது கம்மி. காலையில் வண்டியைப் பள்ளியிலிருந்து வெளியே எடுப்பார், சாயங்காலம் உள்ளே விடுவார். நடுவில் நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்ட, இவர் பக்கத்தில். சொந்தமாக ஒரு கார் வாங்குகிற வசதி கடைசி வரை வரவில்லை. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவன் பட்டினியாக வீடு திரும்பிய கதைதான்.

மகளுக்கும் பிரேக்தான் சோறு போட்டது. பஸ் டிப்போவில் பிரேக் பகுதியில் மெக்கானிக். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பஸ்ஸும் வாசலைத் தாண்டாது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓடட்டுமே என்று மேலதிகாரி கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, லைனிங் தேய்ந்திருந்தால் பேனாவைத் தொட மாட்டாள். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். நாற்பத்திரண்டு வயது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள்.

மாஸ்டர் ஓய்வு பெற்ற ஏழாவது மாதம் அந்தக் காரை வாங்கினார். அறுபது வருஷப் பழசு. ஒரு பல் டாக்டருடைய கொட்டகையில் இருபது வருஷமாக அசையாமல் நின்றது. உருண்டை விளக்கும் கொழுத்த மட்கார்டுமாக, மாவைப் பிசைந்து செய்த மாதிரி உடம்பு. பின் சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. வீட்டில் ஒரு பழசு போதாதா என்று கேட்டார் மனைவி. மாஸ்டர் காது கேட்காதவர்போல டயரைத் தட்டிப் பார்த்தார்.

மகள் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவாள். வந்ததும் சண்டை தொடங்கும். எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்பது மாஸ்டர் கட்சி. உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது மகள் கட்சி. சீட் பெல்ட் வேண்டும் என்றாள். அந்தக் காலத்தில் ஏது பெல்ட் என்றார். அப்படியானால் டயருக்குள் காற்றும் அந்தக் காலத்துக் காற்றாகவே இருக்கட்டும் என்றாள். பெல்ட் வந்தது. விளக்கின் கண்ணாடி பழசாகவும் உள்ளே பல்பு புதுசாகவும் ஒரு சமாதானம் ஆயிற்று. நிறத்தில் மட்டும் மாஸ்டர் ஜெயித்தார். சுரண்டச் சுரண்ட அடியில் தெரிந்த அதே வெளிர் பச்சை.

பதினோரு மாதம் இப்படிப் போனது. மாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷமான நாட்கள் முன்னால் வாய்த்ததில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது அவர் ஊரார் பிள்ளைகளோடு சுற்றினார். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததுகூட டிப்போவில் யாரோ. இப்போது தினமும் மூன்று மணிக்கு அவள் சைக்கிள் மணி கேட்கிறது. இந்தக் கார் ஓடத் தொடங்கியதும், அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவள் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வர வேண்டும். மாஸ்டரின் ஆசை அவ்வளவுதான். வெளியே சொன்னதில்லை.

கடைசியாக மிஞ்சியது பிரேக். பிரேக் எண்ணெய் ஓடுகிற குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறந்து மூடுவார். மாஸ்டர் சீட்டில் ஏறினார். மகள் பின் சக்கரத்துக்குக் கீழே போனாள். அமுக்குங்க என்பாள், பிடிங்க என்பாள், விடுங்க என்பாள். இவரும் அமுக்கினார், பிடித்தார், விட்டார்.

மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதில் அவள் குரல் தாளம் தப்பி வந்தது. அமுக்குங்க என்பாள், உடனே விடுங்க என்பாள், நீண்ட நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று மறுபடி அமுக்கச் சொல்வாள். மாஸ்டருக்கு எரிச்சலாக இருந்தது. அவள் வெளியே வந்து, துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் சொல்றதுக்கும் உங்க கால் வர்றதுக்கும் நடுவுல கொஞ்சம் நேரமாகுது."

ஸ்பிரிங் இறுக்கம் என்றார் மாஸ்டர். அதை நேற்றுத்தான் மாற்றினேன் என்றாள். செருப்பு வழுக்குகிறது என்றார். அவர் வெறுங்காலோடு இருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. போன வருஷம் ஒரு காலையில் மாஸ்டருக்கு ஒரு பக்கம் கையும் காலும் அரை மணி நேரம் மரத்துப்போயின. எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் மட்டும் டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் மகள் ஒரு பழைய பெடலோடு வந்தாள். பயிற்சி வண்டியில் இருந்த மாதிரி இரண்டாவது பிரேக். பக்கத்து சீட்டில் தனக்காகப் பொருத்தப் போவதாகச் சொன்னாள். அது இருந்தால் அவர் ஓட்டலாம், இல்லாவிட்டால் பிரேக் சரியென்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. நேற்று வந்த பொடியன்களுக்கெல்லாம் இவர் வைத்த பிரேக்கை, இவருக்கே பெற்ற மகள் வைக்கிறாள். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கார் நின்ற கொட்டகைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மகள் பெடலைப் பொருத்தியிருந்தாள். தப்பான உயரம், தப்பான சாய்வு. அந்தப் பெடலை அமுக்க வேண்டுமானால் முழங்காலைத் தாடை வரைக்கும் தூக்க வேண்டும். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. மானம் போனாலும் போகட்டும், வேலை கெடக் கூடாது. போய் அவளை நகரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கழற்றினார். அவளை சீட்டில் உட்கார வைத்துக் காலை அளந்தார். குதிகால் தரையில் ஊன்றியபடியே பாதம் பெடலைத் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு பெடலையும் இணைக்கக் குறுக்கே ஒரு இரும்புத் தண்டு; ஒன்று இறங்கினால் மற்றதும் கூடவே இறங்கும். இரண்டு நாள் ராவி, துளைபோட்டு, ஒரு மயிரிழை ஆட்டம் இல்லாமல் பொருத்தினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதென்றால் இதுதான். அதையும் எவ்வளவு சுத்தமாகச் செய்தார்.

சோதித்துப் பார்க்க அவளை அமுக்கச் சொன்னார். ஓட்டுகிறவர் இடத்தில் பெடல்மேல் இருந்த அவர் காலுக்கடியில் பெடல் தானாகக் கீழே நழுவியது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தமாதிரி இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பேருக்கு இதைச் செய்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் வாயை விட்டார்.

"ஒரே ஒரு தடவை நீ இதை அமுக்கும்படி ஆயிட்டா, அன்னிக்கே சாவி உன்கிட்ட. அப்புறம் நான் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன்."

நிஜமாகவா என்று கேட்டாள். மாஸ்டர் பேச்சு மாற மாட்டார் என்றார். நுணலும் தன் வாயால் கெடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். மனைவி ஏற மறுத்துவிட்டார். முதலில் நீங்கள் இரண்டு பேரும் முழுசாகத் திரும்பி வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று வாசலிலேயே நின்றுகொண்டார். கார் தெருமுனையில் திரும்பியது. கியர் வெண்ணெயாக விழுந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. அவர் ஓட்டினார், மகள் பக்கத்தில் இருந்தாள். பால் வண்டிக்கு வழிவிட்டார். சிக்னலில் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றார். மகள் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டாமல், அதிலும் சட்டப்படி, காற்று வாங்கினாள். ஆனால் அவள் குதிகால் தரையில் ஊன்றியிருந்ததையும் பாதம் பெடலைத் தொட்டிருந்ததையும் மாஸ்டர் பார்க்காமல் இல்லை.

நாலாவது கிலோமீட்டரில் கடைத்தெரு. ஓரத்தில் சாமான் இறக்க ஒரு வேன் நின்றிருந்தது. வேனுக்கு முன்னாலிருந்து ஒரு சிறுமி சைக்கிளில் வெளிப்பட்டாள். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், இன்னொரு கையில் ஹேண்டில்பார். இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் நின்றது. சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். சிறுமி தன் பாட்டுக்குத் தெருவைக் கடந்து போய்விட்டாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

மாஸ்டர் வண்டியை மெல்ல நகர்த்திப் பூட்டியிருந்த ஒரு கடைக்கு முன்னால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தார். அவர் கால் பிரேக்குக்குப் போனது உண்மை. போனபோது பெடல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முன்பே இறங்கியிருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அமுக்கிய மகளுக்கே, அப்பாவின் கால் எப்போது வந்தது என்று தெரிந்திருக்காது. அந்தத் தண்டைப் பொருத்தியவர் காலுக்கு மட்டும் தெரியும்.

"யாரு அமுக்கினது?"

மகள் முன் கண்ணாடி வழியாக நேரே பார்த்தாள். "நீங்கதான்ப்பா. என் கால் அசையவே இல்ல."

மறைப்பானேன், அந்தப் பொய் அவருக்கு இனித்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த ஞாயிறும் உண்டு, அதற்கடுத்ததும் உண்டு. அவள் சொன்னது சொன்னதுதான், இனி மாற மாட்டாள். சாவியைத் திருப்பக் கைகூடப் போய்விட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிரேக் விஷயத்தில் தெரிந்தே ஒரு பொய்யை இவள் இதுவரை சொன்னதில்லை. மேலதிகாரி மிரட்டியும் வராத பொய் அப்பாவுக்காக வந்துவிட்டது. வாய் இன்று செய்ததைக் கால் நாளைக்குச் செய்யும். அடுத்த முறை ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால், அப்பாவே அமுக்கட்டும், அவருக்கே அந்தப் பெருமை இருக்கட்டும் என்று அவள் கால் ஒரு இமைப்பொழுது காத்திருக்கும். இன்று மிச்சமிருந்தது ஒரு முழம்.

"டிப்போவுல ஒரு டிரைவர் இப்படிச் சொன்னா நீ கையெழுத்துப் போடுவியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாப்பா?"

"என் கால் போறதுக்குள்ள பெடல் கீழ போயிடுச்சும்மா. அதைப் பொருத்தினவன் நான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்குத்தானே முதல் நாள், பழகப் பழகச் சரியாகிவிடும், டாக்டரைக் கேட்டு ஏதாவது பயிற்சி செய்யலாம், ஆள் இல்லாத தெருவாகப் பார்த்து ஓட்டலாம் என்று வரிசையாக அடுக்கினாள். குரல் உடைந்துகொண்டே போனது. மாஸ்டர் அவளை முழுக்கப் பேச விட்டார்.

"அடுத்த தடவை எனக்காக நீ காத்திருப்பே. வேணும்னு செய்ய மாட்டே, தானா நடக்கும். பிரேக் மேல இருக்கற காலுக்கு அப்பன், பிள்ளைன்னு தெரியக் கூடாதும்மா."

சாவியைத் துளையிலேயே விட்டுவிட்டு இறங்கினார். இறங்குமுன் ஸ்டீயரிங்கைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு கிலோமீட்டர். எழுபது வயதில் சொந்தக் காரை நாலு கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. மகளும் இறங்கினாள். பானெட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தபோது, அவள் வழியை விடாமல் நின்றாள். அவர் அவள் தோளைத் தட்டி ஓரமாக நகர்த்திவிட்டு, பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு கால்களையும் இழுத்து சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

மகள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாவியைத் தொடாமலே இருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்தைத் தாண்டி மோவாய்க்கு வந்துவிட்டது.

"கண்ணைத் துடைச்சுக்கோ. ரோடு தெரியணும்" என்றார்.

அவள் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியைச் சரி செய்தாள். எஞ்சினைக் கிளப்பினாள்.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அழுதாலும் அழுவேன். அதுக்காக நீ நடுவுல நிறுத்தாதே."

வீட்டுக்கு அதே நாலு கிலோமீட்டர். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எதையும் மறைக்காமல், வழி நெடுக அழுதார். மகள் வண்டியை நிறுத்தவில்லை.