கன்னத்துக்கு அடியில் கை

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பது அகழாய்வுக் குழிக்குள் இறங்கினால் மட்டும்தான். அவர் அளந்து சொல்வார்; நான் மேலே உட்கார்ந்து கட்டத்தாளில் வரைவேன். வீட்டில் எது கேட்டாலும் ஒரு "ம்", அவ்வளவுதான்.

நான் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். நம் பெண்ணை எப்படிப் படுக்க வைத்தீர்கள்? கைக்குழந்தைக்கும் எனக்கும் ஒரே காய்ச்சல். நான் பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் நான் நினைவில்லாமல் கிடந்தபோது இவரும் என் அண்ணனும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். கேட்டால், "விடும்மா" என்று எழுந்து போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆற்றங்கரையில் நாங்கள் தோண்டுவது பானை செய்யவே தெரியாத காலத்து வீடுகள். செத்த குழந்தையை அந்த ஆட்கள் அடுப்புக்குப் பக்கத்தில் தரைக்கடியில் புதைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, அங்கேயே குடித்தனம் நடத்தினார்கள். கொடுத்துவைத்த அம்மாக்கள். அன்று அப்படி ஒரு குழந்தை கிடைத்தது. தொடை எலும்பே என் நடுவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

"வேற யாரையாவது வரையச் சொல்லட்டுமா?" என்றார்.

"ஏன், எனக்குக் கை இல்லையா? சொல்லுங்க."

"தலை ஆத்துப் பக்கம். வலப்பக்கமா ஒருக்களிச்சிருக்கு. முட்டி மடங்கியிருக்கு. வலது கை... கன்னத்துக்கு அடியில."

வரைந்து முடித்ததும் வரைந்தவர் இறங்கி ஒத்துப்பார்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். இறங்கினேன். கையைத் தவிர எல்லாம் சரி. இரண்டு கை எலும்புகளும் முட்டியோரம் கிடந்தன. கன்னத்துக்கு அடியில் வெறும் மண்.

இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு விரற்கடைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்று கத்த வாயெடுத்தேன். அவர் எலும்புகளைப் பார்க்கவே இல்லை. கன்னத்துக்கு அடியில் இருந்த வெறும் மண்ணையே பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரோட கைங்க?"

"நான்தான் வச்சேன்," என்றார். "தூங்கறப்ப அப்படித்தானே வச்சுக்குவா. உங்கண்ணன் துணியை மூடிட்டான். நான் மறுபடி பிரிச்சு, கையை எடுத்து வச்சேன்."

குழி என்றும் பார்க்காமல் அழுதேன். அவரும் அழுதார்.

"போத்திவிட்டீங்களா?" என்றேன்.

"என் ஸ்வெட்டரைப் போட்டு."

பிறகு மேலே ஏறி, வேறு தாள் எடுத்து, அந்தக் குழந்தையைக் கிடந்தபடியே வரைந்தேன். முதல் தாளை அழிக்க மனம் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அதில் ஸ்வெட்டரையும் வரைய வேண்டும்.