லோத்தர் கிரூபேயின் வயிற்றெரிச்சல்

1915 ஜனவரி பதினொன்றாம் தேதி, பிரான்சு முனையில் ஜெர்மன் படையின் ஒரு பதுங்குகுழியில், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு லெப்டினன்ட் லோத்தர் கிரூபேயின் வயிறு எரியத் தொடங்கியது. தீ வெளியே தெரியவில்லை. சட்டை மட்டும் வட்டமாகக் கருகியது, மேலே வைத்த தகரக் குவளையில் காப்பி கொதித்தது. படை மருத்துவர் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு, காய்ச்சல் இல்லை, பொறாமை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கூடவே அதிகாரியான எக்பெர்ட் ஃபான் டாலெனுக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கிடைத்த செய்தி அன்று காலைத் தபாலில்தான் வந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு ‘நீ’. எங்கள் ஊர் ஹால்டென்ரோடேயின் படைமுகாமில் 1912இல் கிரூபேயும் டாலெனும் ஒரே நாளில் அதிகாரிகளானார்கள். பணிமூப்புப் பட்டியலில் டாலெனின் பெயர் ஒரு வரி மேலே இருந்தது. எங்களிடையே ‘நீங்கள்’ போய் ‘நீ’ வர வேண்டுமென்றால் மூத்தவர்தான் கோப்பையைத் தூக்கிக் கேட்க வேண்டும். ஒரே வயது, ஒரே நாள், அப்புறமென்ன மூத்தவர் இளையவர் என்று நினைத்து, நிறைந்த விருந்து மேசையில் கிரூபே முந்திக்கொண்டார். “டாலென், இனிமே நாம நீ, நான்னே பேசிக்கலாமே?” டாலென் தன் கோப்பையைத் தொடவே இல்லை. “பட்டியலைப் பாக்கலையா கிரூபே? அதைக் கேக்க வேண்டியவன் நான். எனக்குத் தோணும்போது கேக்கறேன், அதுவரைக்கும் பொறுத்துக்குங்க.” மேசையே குலுங்கிச் சிரித்தது. டாலெனுக்குக் கடைசிவரை அது தோன்றவே இல்லை.

முதல் உலகப் போரில் கிரூபேயின் ஆட்களில் ஒருவருக்கும் கால்விரல் விறைத்துப் போகவில்லை. டாலென் கேப்டனான வாரம் பதுங்குகுழிச் சேறே காய்ந்து வெடித்தது. போரில் தோற்றுப் படையைச் சுருக்கியபோது டாலெனை வைத்துக்கொண்டு கிரூபேயை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினைந்து வருடம் அவர் சர்க்கரைக்கிழங்கு ஆலையில் வண்டிகளுக்கு எடை போட்டார். மனைவி ஹெர்த்தா இரவில் இருவருக்கும் நடுவே ஈரத்துப்பட்டி விரித்துப் படுத்தாள். 1935இல் மறுபடி கூப்பிட்டுக் கேப்டன் ஆக்கினார்கள். ஊரே கைகுலுக்கியது. அதற்குள் டாலென் லெப்டினன்ட் கர்னல் என்று தெரிந்ததும், புதுச் சீருடை முதல் நாளே பொசுங்கிப்போனது.

1941 டிசம்பரில் கிரூபேயின் கம்பெனி ருஷ்யப் பனிக்குள் சிக்கியது. நூற்றுப்பத்துப் பேர். போகிற வழியில் ஊர்களைக் கொளுத்திக்கொண்டுதான் போயிருந்தார்கள். ஒதுங்க ஒரு கூரை மிச்சமில்லை. எரிந்த வீடுகளுக்கு முன்னால் குழந்தைகளோடு நின்றவர்களைப் பார்த்தபோதெல்லாம் இந்த மனிதருக்கு வயிறு வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவரைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆட்கள் உயிரோடிருந்தது அவர் வயிற்றை நம்பித்தான். முறை வைத்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தபாலை முதலில் பிரிப்பவர் சார்ஜென்ட் டொன்னீஸ், எங்கள் ஊரில் ரொட்டி அடுப்பு வைத்திருந்தவர். ஒருநாள் கறுப்புக்கரை போட்ட அட்டை வந்தது. ஃபான் டாலென் அக்டோபரிலேயே இறந்துவிட்டார். டொன்னீஸ் அட்டையைப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு கிரூபேயிடம் போனார். “உங்க டாலென் கர்னல் ஆயிட்டாராம், கேப்டன் ஐயா.” அன்று இரவு நூறு பேர் சட்டையைத் தளர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

அதற்கப்புறம் டொன்னீஸின் கவலையெல்லாம், மேலே மூன்று நான்கு பதவிதான் பாக்கி, பனியோ ஏப்ரல் வரை இருக்கும் என்பதுதான். ஒருவன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். “ஒரேயடியா ஜெனரல் ஆக்கித் தொலையேன்யா, கை விறைக்குது.”

“அடுப்பு தெரியாதவன் பேசற பேச்சு. இருக்கற விறகையெல்லாம் இன்னிக்கே போட்டுட்டா, பிப்ரவரில உன் பாட்டனையா எரிக்கறது?”

ஆகவே டாலெனுக்கு நடுநடுவே ஒரு பதக்கம், ஒரு வெள்ளைக் குதிரை, ஏரிக்கரையில் ஒரு வீடு எல்லாம் கிடைத்தன. மார்ச்சில்தான் மேஜர் ஜெனரல் ஆனார். கிரூபே ஒன்றையும் சரிபார்க்கவில்லை. அந்த ஆள் விஷயத்தில் எதையும் நம்ப அவர் தயாராக இருந்தார். பின்னால் கிரூபேயும் டொன்னீஸும் ருஷ்யச் சிறைமுகாமில் கிடந்த வருடங்களில், டாலென் அமெரிக்கர்களிடம் கைதியாகி வெண்ணெய் தடவிய வெள்ளை ரொட்டி தின்பதாக டொன்னீஸ் சொன்னார். முகாமில் அவர்கள் இருந்த கொட்டகை மட்டும் பனியில் வெதுவெதுப்பாக நின்றது.

1949 நவம்பரில் திரும்பி வந்தார்கள். கிரூபே எலும்புக்கூடு, வயிறு ஒன்றுதான் உயிரோடிருந்தது. இந்த உடம்புக்குச் சொந்தச் சூடு இல்லை, வயிறு அணைந்தால் ஆள் போய்விடுவார் என்று ஊர் மருத்துவர் ஹெர்த்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாலெனின் சாவைப் பற்றி ஊர் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டது. மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஜெனரல் மறுபடி ஊர்ப்பக்கம் வந்தானா என்று கிரூபே கேட்க, ஹெர்த்தா கை தவறினாற்போல் வாய் தவறினாள். “எந்த ஜெனரல்? அவரு செத்து எட்டு வருஷமாச்சே.”

கிரூபேயின் உதடு நீலமானது. ஹெர்த்தா அலறியதைக் கேட்டு டொன்னீஸ் மாவுக் கையோடு ஓடிவந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருந்தது. “எல்லாம் நான் சொன்ன பொய்தான், கேப்டன் ஐயா. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், போயிடாதீங்க.”

“எப்படிச் செத்தான்?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“வார்சாவுல, தலைமையகத்துல. வாத்துக்கறி சாப்புட்டுட்டு மெத்தையில சாஞ்சாராம். எந்திரிக்கல.”

“தூக்கத்திலயா?”

“தூக்கத்திலதான்.”

“அக்டோபர்ல. பனி விழறதுக்கு முன்னாடி.”

“ஆமாங்க.”

கிரூபே தட்டைத் தள்ளி வைத்தார். அந்தக் குளிர் ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. முகாம் தெரியாது, பேன் தெரியாது, தோற்றதுகூடத் தெரியாது.

“கொடுத்து வச்சவன்!” என்று பல்லைக் கடித்தார். “அதுலயும் எனக்கு முந்திட்டான் பாரு!”

மேசைவிரிப்பின் ஓரம் புகையத் தொடங்கியது. ஹெர்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரிப்பை உருவிவிட்டு, பாதி வெந்திருந்த உருளைக்கிழங்குப் பானையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.