காட்டு ஸ்ட்ராபெரி ஃபேஷியல்

கயல்விழியின் அறையில் அவள் முகத்தைப் பார்த்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் இன்னொரு தரம் பார்த்தேன். நெற்றி, கன்னம், கழுத்து எங்கும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நாளைக் காலை திருத்தணி மலைக்கோயிலில் அவளுக்குக் கல்யாணம். நேற்று அந்த முகத்துக்கு ஃபேஷியல் போட்ட மகராசி நான்தான், பார்லர் தேவசுந்தரி.

எல்லாம் அந்தக் காட்டு ஸ்ட்ராபெரி செய்த வேலை. கோத்தகிரித் தோழி அனுப்பியதாக ஒரு டப்பா பழத்தை அவளேதான் கொண்டுவந்தாள். சுண்டைக்காய் அளவுதான், வாசனையோ ஆளைத் தூக்கியது. "அரைச்சுப் போட்டா வெயில்ல கறுத்ததெல்லாம் போயிடும்க்கா. இலையக் கொதிக்கவச்சுக் குடிச்சா வயித்துப்போக்குகூட நிக்குமாம்" என்று பாடமே நடத்தினாள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்காமல் எவளாவது முகத்தில் அப்புவாளா? நான் அப்பினேன், புத்தி கெட்டவள்!

வாசலில் வேன் வந்து நின்றது. நகரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார்.

"என் தப்புதான்னு சொல்லிட்றேண்டி" என்றேன். கடை போனால் போகட்டும், கல்யாணம் நிற்கலாமா?

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இது எனக்கு ஒத்துக்காதுன்னு காலேஜ் டூர்லயே தெரியும்க்கா. ரெண்டு நாள்ல அடங்கிடும். தெரிஞ்சுதான் போடச் சொன்னேன். படிப்பு முடியட்டும்னு ரெண்டு மாசமா அழுதுகினு இருக்கேன், அப்பா காதுலயே வாங்கல. அம்மைன்னு சொல்லிடுக்கா."

அடிப்பாவி! அம்மை கண்டவள் மலையேறக் கூடாது. கல்யாணம் தானாக நிற்கும், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எவராவது டாக்டரைக் கூட்டிவந்துவிட்டால்?

மாப்பிள்ளையின் அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "அம்மவாரா?" என்று தெலுங்கில் கேட்டவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க தினம் நாலு மூஞ்சி பாக்கறவங்க. சொல்லுங்க, அம்மைதானா?"

யேசுவே, மன்னியும்.

"ஆங்" என்றேன்.

அந்தம்மா அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கினார். கயல்விழியின் அப்பா ஆதிகேசவன் வேப்பிலைக் கொத்தோடு ஓடிவந்தார். ரெண்டு மாதமாக மகள் முகத்தையே பார்க்காத மனுஷன், அவள் முன்னால் கைகட்டி நின்றார்.

"இன்னா வோணும், சொல்லு தாயே."

"இந்தக் கல்யாணம் வேணாம். நான் படிக்கணும்."

நான் ஆதிகேசவனின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆவட்டும் தாயே" என்று ஆதிகேசவன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.