பதிலுக்கு ஒரு பெண்

"எங்க பொண்ணைக் குடுக்க எங்களுக்கு ஒரு தடையும் இல்லைங்க. பதிலுக்குக் குடுக்க உங்க வீட்ல பொண்ணு இருக்கா?"

மரமில்காரர் இப்படிக் கேட்டபோது டயர்க்கடைக்காரரின் மனைவி தேநீர்த் தட்டோடு அப்போதுதான் முன்னறைக்குள் கால் வைத்திருந்தாள். தட்டை எங்கே வைப்பதென்று அவளுக்குப் புரியவில்லை. சோபாவில் மரமில்காரர், அவர் மனைவி, அவர்களுடைய மகன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவள் புருஷனும் கல்யாணத் தரகரும். சுவரோரமாக, முந்தின நாள் சாயம் பூசிய தலையோடு, அவளுடைய ஒரே பிள்ளை.

அந்தப் பிள்ளையைத் தெருவில் எல்லோரும் ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காகப் பெண் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்ததற்குக் கிடைத்த பட்டம் அது. கடையில் லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுகூட, "என்ன மாப்பிள்ளை, எப்போ சாப்பாடு போடப் போற?" என்று கேட்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

போன இடத்தில் எல்லாம் ஒவ்வொரு காரணம். ஒரு வீட்டில் பெண் கல்லூரி முடித்திருந்தாள், இவன் பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை. இன்னொரு வீட்டில் மாதச் சம்பளக்காரன் வேண்டும் என்றார்கள், அதுவும் நகத்தில் கறுப்பு ஒட்டாதவனாக. ஒருத்தி நேருக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "தப்பா நினைக்காதீங்க, உங்களைப் பாத்தா எனக்கு அங்கிள்னு கூப்பிடத்தான் வாய் வருது." அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மறுநாள் சாய பாக்கெட் வாங்கி வந்தான்.

அவன் ஒருவன்தானா என்றால் அதுவும் இல்லை. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அவனைப் போல் ஒருவன் இருந்தான். ஒரு காலத்தில் அங்கே பிறந்ததெல்லாம் பையன்கள். ஆண்டவன் கொடுத்த வரம் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். ஆண்டவனுக்கு ஒத்தாசையாகக் கடைவீதி மாடியில் ஒரு ஸ்கேன் அறை இருந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை. அங்கே கேட்கக் கூடாததைக் கேட்டார்கள், சொல்லக் கூடாததைச் சொன்னார்கள். பிறகு வாடகைக் காரில் போய்விட்டு, வெறும் வயிறோடு திரும்பி வந்தார்கள். அப்படிப் பிறந்து வளர்ந்த பையன்கள் இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிக்கொள்ளப் பெண்ணைக் காணோம்.

பெண்கள் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு கூடும் என்று சொன்ன மேதாவிகளும் இருந்தார்கள். கூடியது விலை மட்டும்தான். பெண் இருக்கிற வீட்டுக்காரன் தன் பெண்ணைக் காட்டித் தன் பையனுக்கு ஒருத்தியைக் கேட்டான். பெண்ணைக் கொடுத்துப் பெண்ணை எடுப்பது என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. கேட்கப்படாத ஆட்கள் இரண்டே பேர், இந்தப் பக்கத்துப் பெண்ணும் அந்தப் பக்கத்துப் பெண்ணும்.

"இப்போ எல்லா இடத்துலயும் இதான் பேச்சு," என்றார் தரகர், தேநீரைத் தானே எடுத்துக்கொண்டு. "ஒண்ணு குடுத்தா ஒண்ணு. அவங்க பையனுக்கும் வயசு ஆகுதில்ல?"

மரமில்காரரின் பையன் தன் செருப்பில்லாத பாதங்களைப் பார்த்தபடி இருந்தான். கெட்டவனாகத் தெரியவில்லை. முன்தலை வழுக்கையைச் சீப்பால் மறைத்திருந்தான், அவ்வளவுதான்.

டயர்க்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பெண் இல்லாத வீடு என்பது தரகருக்கே தெரியும். ஆனால் கனைத்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இருக்கே! என் தம்பி பொண்ணு எங்ககூடத்தானே இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணுதான் அது."

சமையலறையில் அந்தப் பெண்ணின் கையில் இருந்த கரண்டி நின்றுபோனது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, எட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள், சாயங்காலம் கண் பரிசோதனைப் படிப்புக்குப் போகிறாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு டயர்க்கடைக்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளைச் சேலை மாத்தச் சொல்லு. ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம், ஒரே மண்டபம், ஒரே சாப்பாடு. இப்படி ஒண்ணு இனிமே அமையுமா?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"அவகிட்ட என்னத்தைக் கேக்கிறது? இத்தனை வருஷம் சோறு போட்டு வளத்தவன் நான்."

"சோறு போட்டது நான். நீங்க சாப்பிட்டீங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி மகளைப் பார்த்து, "ஏம்மா, உங்க அண்ணனுக்காக இது கூடச் செய்யமாட்டியா?" என்றார். சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

அவர் இருந்த இடத்துக்கு மாப்பிள்ளை வந்து நின்றான். தாயைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

"அம்மா, எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு. ஆனா இதுவும் போச்சுன்னா..."

ஒற்றைப் பிள்ளை. இரவில் அவன் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதைத் தாய் அறிவாள். தனக்குப் பிறகு அவனுக்கு ஒரு வாய் காபி போட்டுக் கொடுக்கவும் ஆளில்லை என்பதை நினைத்து நினைத்தே அவளுக்குச் சர்க்கரை ஏறியது. இந்தப் பெண் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும்.

அந்தப் பெண் சொல்லியும் விட்டாள்.

"பெரியம்மா, அண்ணனுக்காகன்னா நான் சரின்னு சொல்லிடறேன். படிப்பு போனா போகட்டும். நீங்க என்னை வச்சுக் காப்பாத்தினதுக்கு..."

"வாயை மூடு," என்றாள் தாய்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. காப்பாற்றினார்களாம். யாரை யார் காப்பாற்றியது? பிள்ளை பிறந்த பிறகு அவள் இரண்டு முறை உண்டானாள். இரண்டு முறையும் அந்த மாடிப்படி ஏறினாள். "ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணுன்னு ஒரு பையன் போதும். பொண்ணைப் பெத்துட்டு யாரு கட்டிக் குடுக்கிறது?" என்று அப்போது புருஷன் சொன்னார். அவள் அழுதாள், ஆனால் காரில் ஏறிப் போனாள். அதன் பிறகு அவளுக்குக் கருவே தங்கவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"எங்க வீட்ல பொண்ணு இல்லைங்க," என்றாள் மரமில்காரரைப் பார்த்து.

"என்ன உளறுற?" என்றார் புருஷன்.

"உளறல. நமக்கு ரெண்டு பொண்ணுங்க. ஸ்கேன்ல பொண்ணுன்னு சொன்னதும் ரெண்டையும் கலைச்சிட்டு வந்தோம். பதிலுக்குக் குடுக்க நமக்கு இருந்தது அதுதான். உள்ள இருக்கிறது உங்க தம்பி பெத்த பொண்ணு. நமக்கு வந்ததை வேணாம்னு சொன்னவங்க நாம. அடுத்தவன் பெத்ததைத் தூக்கிக் குடுக்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

தரகர் கோப்பையைக் கீழே வைத்தார். சமையலறை வாசலில் மாப்பிள்ளை நின்றான். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது.

தான் சொன்னதைக் கேட்டதும் வந்திருப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள் என்று அந்தத் தாய் நினைத்திருந்தாள். மரமில்காரர் அதிரவே இல்லை. அவள் மேல் இரக்கப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார்.

"இதுக்குப் போய் ஏம்மா இவ்வளவு சங்கடப்படறீங்க? அது எல்லா வீட்லயும் நடந்ததுதானே. எங்க பொண்ணே தப்பிப் பொறந்ததுதான். ஸ்கேன்ல பையன்னு சொல்லிட்டாங்க. அதை நம்பித்தான் பெத்தோம்." மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அன்னைக்கு அந்த ஆளை அடிக்காத குறையா சண்டை போட்டேன். இப்பப் பாருங்க, அவன் பண்ணின தப்புதான் என் பையனுக்கு ஒரு வழி காட்டுது."

அவர் மனைவி சிரிக்கவில்லை. மகனும் சிரிக்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முதல் முறையாக நிமிர்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"உங்க பொண்ணுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் தாய்.

"வீட்ல வேடிக்கையா சொல்றதுதான். தெரியாம என்ன?"

"வேடிக்கைதான். எங்க வீட்ல பொண்ணு இல்லைங்க. நீங்க கிளம்புங்க."

தரகர் எதையோ சமாளிக்கப் பார்த்தார். மரமில்காரர் எழுந்துகொண்டார். இந்த ஒரு வீடுதானா இருக்கிறது, பெண் இருக்கிற வீடு இன்னும் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன் என்று வாசலில் தரகரிடம் உரக்கச் சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது.

டயர்க்கடைக்காரர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சோபாவில் தொப்பென்று விழுந்தார். மாப்பிள்ளை தாயின் அருகே வந்தான்.

"ரெண்டு பேராம்மா?"

"ஆமாம்ப்பா."

"எனக்குத் தங்கச்சிங்க."

தாய், உள்ளே இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, அவள் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். "வகுப்புக்கு நேரமாச்சு. போ," என்றாள். அந்தப் பெண் தயங்கி, அண்ணனைப் பார்த்தாள். அவன் ஒதுங்கி வழி விட்டான். அவள் படி இறங்கிப் போகும்வரை மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டயர்க்கடைக்காரரின் கண்கள் கலங்கியிருந்தன. உண்மையாகவே கலங்கியிருந்தன. மனைவிக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. இத்தனை வருஷம் கழித்தாவது இந்த மனுஷனுக்கு உறைத்ததே என்று பக்கத்தில் போய் உட்காரப் போனாள்.

"ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கலாம்டி," என்றார் அவர். "இன்னைக்குப் பதிலுக்குக் குடுக்க ஆகியிருக்கும்."

பெற்ற மகள்களை நினைத்து அவர் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.