கரடிக்குப் போர்த்திய பொன்னாடை

1

இந்தக் கதை என் மனத்தில் பிறந்ததல்ல. ஒரு கமிட்டியில் பிறந்தது.

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கம் வருஷா வருஷம் ஒரு மலர் போடும். அதில் முதல் பாதி வாழ்த்துரைகள், கடைசிப் பாதி விளம்பரங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கதை வேண்டும். அதை எழுதுவது என் பொறுப்பு.

இந்த வருஷம் மலர்க் குழுவின் தலைவர் திருவேங்கடம் மாமா. வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். அவருடைய விசிட்டிங் கார்டில் 'துணைப் பொது மேலாளர்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே 'ஓய்வு' என்பது, கண் டாக்டர் கடைசி வரியில் வைத்திருப்பாரே, அந்த அளவில் இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் தேர்தல். மாமா நிற்கிறார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மலர் வெளியீடு. போன ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு நியூ டவுனில் விலங்குப் பூங்கா ஒன்றுக்குப் போய்வந்ததையே கதையாக எழுதிவிடும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்.

"பேர் போடாதே. ஆனா நான்தான்னு தெரியணும்."

(போடவில்லை. திருவேங்கடம் என்பது நான் வைத்த பெயர். அசல் பெயரும் ஏறக்குறைய இதே நீளம்தான்.)

2

முதல் தொடக்கம்: 'நியூ டவுனின் வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே, மனித மனத்தின் இருண்ட காட்டைப் போல'

[நிறுத்திவிட்டேன். அங்கே காடு இல்லை. ஃபைபரில் செய்த இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளும் ஒரு டிக்கெட் கவுன்ட்டரும் இருக்கின்றன.]

இரண்டாவது தொடக்கம்: 'மனிதனும் ஒரு விலங்குதானே என்று திருவேங்கடம் யோசித்தார்.'

[யோசிக்க மாட்டார். மனிதர்களோடு சேர்த்துப் பேசினாலே அவருக்குக் கொஞ்சம் கோபம் வரும்.]

மூன்றாவது தொடக்கம்: 'மாதவின் ஆபீஸில் இலவச பாஸ் கொடுத்தார்கள்.'

இதில் இலக்கியம் எதுவும் இல்லை. ஆனால் நடந்தது இதுதான், எனவே இருக்கட்டும்.

மாதவ் அவருடைய மகன். நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வங்காளியில் சண்டை போடுவான், தமிழில் சமாதானம் ஆவான். மருமகள் ஸ்மிதா வங்காளிப் பெண். தமிழ் முழுக்கப் புரியும். புரிந்ததாகக் காட்டிக்கொள்வது மட்டும் அபூர்வம். அந்த வீட்டில் அது ஒரு பாதுகாப்பு.

பாஸில் 'மதிப்புக்குரிய விருந்தினர்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மாமா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்து, மலர்க் குழுத் தலைவர் என்ற முறையில் தன் பொறுப்பில் இருந்த சங்கப் பொன்னாடையை எடுத்தார்.

இங்கே வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். எங்கள் சங்கத்தில் பொன்னாடை ஒன்றுதான் உண்டு. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்துவோம், கைதட்டுவோம், அவர் மேடையை விட்டு இறங்கும்போது பத்திரமாக வாங்கி மடித்துவைத்துக்கொள்வோம். அது பார்க்காத தோளே இல்லை. எங்கள் உறுப்பினர்களில் அதுதான் மூத்தது. இன்னொன்று: மலரின் முதல் பக்கத்தில் எந்த வேட்பாளர் யாருக்கோ பொன்னாடை போர்த்தும் படம் வருகிறதோ, அவரே ஜெயிப்பார் என்பது சங்கத்தின் நம்பிக்கை. எதிர்த்து நிற்கும் வெங்கடநாராயணன் முந்திக்கொண்டுவிட்டார். அலிப்பூரில் ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் யாரோ ஓர் அதிகாரிக்குப் போர்த்தி, பின்னால் தேசியக்கொடி தெரியப் படம் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது.

ஆகவே மாமாவுக்கு ஒரு படம் வேண்டும். பூங்காவின் மேலாளர் போதும். கதையில் அவருக்கு வேண்டியது இவ்வளவுதான், மறந்துவிடாதீர்கள்.

(போகும்போது டாக்ஸி டிரைவர் கண்ணாடிக்குக் கீழே அதே பாஸைச் செருகி வைத்திருந்தார். அவரும் மதிப்புக்குரிய விருந்தினர். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.)

3

அடுத்து சௌந்தரம் மாமி, அவருடைய மனைவி. இந்தக் கதாபாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பூங்காவின் பெயர் 'ஜொந்து ஜொகோத்', அதாவது விலங்குலகம். உயிருள்ள விலங்கு ஒன்றுகூடக் கிடையாது. சுற்றுகிற யானைகள், முதலை ரயில், குளத்தில் நீர்யானைப் படகுகள். மாதவ் போனில் காட்டிய வீடியோவில் மாமி அந்த நீர்யானையைப் பார்த்தார். இளஞ்சிவப்பு நிறம், நீளமான கண் இமைகள், உட்கார இரண்டு இடம். குளத்தின் நடுவில் போனதும் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சும். அதில்தான் ஏறவேண்டும் என்றார் மாமி. இத்தனை வருஷத்தில் எதில் போகலாம் என்று அவர் கருத்துச் சொன்னது அது முதல் தடவை.

ஏன் நீர்யானை? ஒரு பாத்திரத்துக்குக் காரணம் வேண்டாமா? சிறுவயதில் அவர் ஊரில் ஒரு குளம் இருந்ததாகவும், அதில் தாமரை பறிக்கப் போனபோது

[இல்லை. அவர் பிறந்தது இதே கொல்கத்தாவில், காளிகாட்டில், மூன்றாவது மாடியில்.]

கடைசியில் அவரையே போனில் கேட்டேன்.

"பிடிச்சிருந்துது. அதுக்கு மேல என்ன வேணும் நோக்கு?"

அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

4

(இந்தப் பகுதியில் பேத்தி ஒருத்தி இருந்தாள். பெரியவர்களின் போலித்தனத்தை ஒரே கேள்வியில் உடைக்கும் புத்திசாலிக் குழந்தை. இரண்டு பக்கம் வந்ததும் என்னாலேயே அவளைச் சகிக்க முடியவில்லை. எடுத்துவிட்டேன். மாதவுக்கும் ஸ்மிதாவுக்கும் குழந்தை இல்லாதது இதனால்தான். தயவுசெய்து அவர்களிடம் விசாரிக்காதீர்கள். சங்கத்தில் ஏற்கெனவே போதுமான பேர் விசாரிக்கிறார்கள்.)

5

வாசலில் எல்லோருக்கும் தலையில் மாட்டிக்கொள்ள விலங்குக் காது கொடுத்தார்கள். மாமி முயல் காதை வாங்கி மாட்டிக்கொண்டு நேராகக் குளத்தங்கரை வரிசைக்குப் போய்விட்டார். கூடவே ஸ்மிதா, பூனைக் காதோடு. மாமா மறுத்துவிட்டார். பொறுப்பான பதவியில் இருந்த ஒருவர் தலையில் காது வைத்துக்கொண்டு நடமாடுவது முறையல்ல என்று அந்தக் காது கொடுக்கும் பெண்ணுக்கு வங்காளியில் எடுத்துச் சொன்னார். சொல்லும்போது அவர் தலையில் இருந்தது மெரூன் நிறக் குரங்குக் குல்லாய். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். டிசம்பரில் அதைப் போடாமல் வெளியே போகிறவனைக் கொல்கத்தா நோயாளியாகத்தான் பார்க்கும், அதனால் அதில் அவருக்கு எந்தக் கௌரவக் குறைவும் தெரியவில்லை.

மேலாளர் எங்கே என்று கேட்டார். அந்தப் பெண் புல்தரைப் பக்கம் கைகாட்டினாள்.

அங்கே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் வெளுத்துப்போன டீ ஷர்ட்டும் ரப்பர் செருப்புமாக, கையில் பிளாஸ்டிக் வாளியுடன் இருந்தார். இன்னொருவர் ஆறடிக்கு மேல். கழுத்தில் சிவப்பு டை. கைகுலுக்க ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. அவர் கரடியாக இருந்தார்.

அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். மாமாவின் வங்கியில் ஒரு ஆண்டு விழாவில் பொது மேலாளரே கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு முதலில் வணங்கியவருக்கு நல்ல ஊரில் மாற்றல் கிடைத்தது. அந்த அனுபவம் சும்மா விடுமா? டை கட்டியிருப்பவர் அதிகாரி, வாளி வைத்திருப்பவர் சிப்பந்தி. ஓய்வு பெற்றாலும் இந்தக் கணக்கு ஓய்வு பெறுவதில்லை. மாமா வரிசையைத் தாண்டிக்கொண்டு போய்க் கரடிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மாதவ், "அப்பா, அது..." என்று ஆரம்பித்தான்.

"பேசாம படத்தை எடுடா."

எடுத்தான். மாமா சட்டைப் பையிலிருந்து உரையை எடுத்தார். தேசிய ஒருமைப்பாட்டில் விலங்கினங்களின் பங்கு பற்றி ஆங்கிலத்தில் எழுதி வந்திருந்தார். கரடி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டியது. தலையாட்டுவதுதான் அதன் வேலை. பேசினால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். மாமாவுக்கு இது தெரியாது. சங்கத்தில் அவர் பேச எழுந்தால் காபி குடிக்க எழுந்துபோகிறவர்களையே பார்த்துப் பழகியவர். இவரோ நின்ற இடத்தை விட்டு அசையாமல், கண் கொட்டாமல் கேட்கிறார். (கண் கொட்டாததற்குக் காரணம் அது பிளாஸ்டிக்.) மாமாவின் குரல் ஒரு இடத்தில் தழுதழுத்தது என்று மாதவ் சொன்னான்.

உரை முடிந்ததும் கரடி அவரைக் கட்டிக்கொண்டது. அதுவும் அதன் வேலைதான்.

6

மாமா படத்தை உடனே சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே: 'பூங்கா மேலாளருக்குப் பொன்னாடை அணிவித்துச் சிறப்புச் செய்த தருணம்.'

முதலில் எழுதியவர் வெங்கடநாராயணன்: 'அருமை. இதில் நம் வேட்பாளர் எவர்?'

அவர் கிண்டலாகக் கேட்டதை உண்மையான சந்தேகம் என்று எடுத்துக்கொண்ட ஒரு மாமி பதில் போட்டார்: 'வலது பக்கம் இருக்கறவர். டை கட்டிண்டிருக்காரே.'

வலது பக்கம் இருந்தது கரடி.

[இந்த இடத்தில் மாமாவின் மனநிலையை வர்ணிக்க ஒரு பத்தி எழுதினேன். 'அவருக்குள் ஏதோ ஒன்று உடைந்தது' என்று தொடங்கியது. என்ன உடைந்தது என்று எனக்கே தெரியாததால் அடித்துவிட்டேன். மாதவ் பார்த்தது இதுதான்: மாமா போனைப் பையில் வைத்தார், வெளியே எடுத்தார், திருப்பி வைத்தார்.]

7

வாளிக்காரர் பக்கத்தில் வந்தார். பொன்னாடை மடித்து அவர் கையில் இருந்தது. கரடி அன்பளிப்பு வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது விதி, அதோடு உள்ளே இருக்கிற பையனுக்கு ஏற்கெனவே வேர்த்துக் கொட்டுகிறது என்று பணிவாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வாளியில் அவனுக்குத்தான் தண்ணீர்.

மாமா விறைத்துக்கொண்டு, இதையெல்லாம் மேலாளரிடமே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

"நான்தான் தாதா." (வங்காளியில் தாதா என்றால் அண்ணா.)

அவர் நல்ல மனுஷர். நடந்ததை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, படம்தானே, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பூட்டுகிற நேரம், உடனே எடுத்தால் நல்லது என்றார். வாளியைக்கூடக் கீழே வைத்தார்.

சரியாக அப்போது குளத்திலிருந்து விசில் வந்தது.

கடைசிச் சுற்று. சௌந்தரம் மாமி நீர்யானையில் ஏறி உட்கார்ந்துவிட்டார், முயல் காதோடு. நீர்யானை அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் நேராகும், நேரானால்தான் விடுவார்கள். பக்கத்தில் ஸ்மிதா உட்கார்ந்தாள். மாமி அவளை இறங்கச் சொன்னார். ஸ்மிதா காரணம் கேட்டாள். தமிழிலேயே கேட்டாள் என்பதால் விஷயம் முக்கியம் என்று தெரிகிறது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் மேடையில உக்காந்துண்டிருக்கார், நான் கீழே உக்காந்துண்டிருக்கேன். நீர்யானையிலயாவது ஒரே வரிசையில உக்காரட்டும்."

ஸ்மிதா இறங்கிக் கரைக்கு வந்தாள். "பாபா, மா கூப்பிடறாங்க" என்று மாமாவிடம் சொன்னாள்.

ஒரு பக்கம் மேலாளர், அசல் மேலாளர், தோளைக் காட்டிக்கொண்டு. இன்னொரு பக்கம் காலி இருக்கை, வாயைத் திறக்கக் காத்திருக்கும் நீர்யானை. படம் எடுத்தால் தலைவர் பதவி. ஏறினால், கரையில் நிற்கும் அத்தனை பேர் பார்க்கத் தலையோடு கால் தண்ணீர். மாமா கையில் பொன்னாடை.

8

இங்கிருந்துதான் என் தொல்லை ஆரம்பிக்கிறது. நான் அங்கே இல்லை.

மாமா போன் செய்து தன்னுடைய முடிவைச் சொன்னார்: மேலாளருக்குப் போர்த்தினேன், கைதட்டல், முற்றும். கரடியைப் பற்றி அவருக்கு ஒரு திருத்தமும் இருந்தது.

"கரடி வேண்டாம். புலின்னு போடு. வங்காளத்துல புலின்னா ஒரு மரியாதை."

வாளியையும் எடுத்துவிடச் சொன்னார். படம் எங்கே என்று கேட்டேன். படம் முக்கியமில்லை, கருத்துதான் முக்கியம் என்றார். இதற்கு முன் அவர் படத்துக்கு மேலே கருத்தை வைத்து நான் பார்த்ததில்லை.

வெங்கடநாராயணனும் போன் செய்தார். தனக்கு இலக்கியத்தில் தலையிடும் வழக்கம் இல்லை என்றும், ஆனால் யதார்த்தம் கெடாமல் இருக்கக் கரடிப் படத்தை முழுப் பக்கத்துக்குக் கலரில் போட்டால் நன்றாக இருக்கும் என்றும் தலையிட்டார்.

மாதவைக் கேட்டால், அந்த நேரம் பார்த்துப் போனில் சார்ஜ் போய்விட்டது என்கிறான். ஸ்மிதாவைக் கேட்டால் சிரிக்கிறாள். தமிழ் புரியவில்லையாம்.

கடைசியாக மாமி கூப்பிட்டார்.

"நீ எப்படி வேணா முடிச்சுக்கோ. நீர்யானை நகர்ந்துதுன்னு மட்டும் எழுதிடு."

"நகர்ந்ததா மாமி?"

"கதை எழுதறது நீ. என்னைக் கேட்டா?"

9

நாளைக் காலை மலர் அச்சுக்குப் போகிறது. மாமா சொன்னபடி எழுதினால் மாமி என்னோடு பேச மாட்டார். மாமி சொன்னபடி எழுதினால், மாமா ஜெயித்தால் அடுத்த மலரில் எனக்குப் பக்கம் கிடையாது. நான் தைரியசாலி இல்லை என்பதை இந்நேரம் கவனித்திருப்பீர்கள்.

எனவே எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்லியிருக்கிறேன். நீர்யானை ஒரு பக்கம் சாய்ந்து, இமையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மாமி பக்கத்து இருக்கையைப் புடவைத் தலைப்பால் துடைத்துவைத்திருக்கிறார். மேலாளர் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார். தூரத்தில் கரடி தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறது. மாமாவின் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியவில்லை, குல்லாய் மறைக்கிறது. விசில்காரன் மறுபடி வாயில் விசிலை வைத்துவிட்டான்.

மாமா கையிலிருந்து பொன்னாடையை மெதுவாக வாங்கிக்கொண்டேன். இந்தாருங்கள் வாசகரே, பிடியுங்கள். யார் தோளில் வேண்டுமானாலும் போர்த்துங்கள், உங்கள் இஷ்டம். சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கிறவருக்குப் போர்த்தச் சங்கத்தில் வேறு கிடையாது.

நனைந்திருந்தால் பரவாயில்லை. எங்கே நனைந்தது என்று கேட்க மாட்டேன். மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொள்கிறேன்.