தெற்கே இருபது மைல்

புயல் ஓய்ந்த காலையில் தேவாலயத்தின் பங்கு மண்டபத்துக்குள் கால் வைக்க இடமில்லை. நடுவில் லேப்டாப்போடு பிரிஜா உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்தான், இன்ஜினியரிங் படித்தவள். வள்ளம் கடைசியாக நின்ற இடத்தைச் சொன்னால் போதும், காற்றும் நீரோட்டமும் அதை எங்கே தள்ளியிருக்கும் என்று அவளுடைய மென்பொருள் கணக்குப் போட்டுவிடும். கடலோரக் காவல்படையின் கப்பல் அங்கே தேடப் போகும்.

"செல்வதாஸ் அண்ணா, லிஜின் எங்க வலை போட்டிருந்தான்?"

அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளக்காரர்கள். செல்வதாஸுக்குக் காய்ச்சல், அதனால் புயலுக்கு முன்பு லிஜின் தனியாகப் போயிருந்தான், திரும்பவில்லை. போனது தென்மேற்கே முப்பது மைலில் இருக்கும் பாருக்கு. கடலுக்கடியில் மீன் மொய்க்கும் அந்தப் பாறைத்திட்டை, செத்துப்போன அப்பா இவர்கள் இருவருக்கு மட்டும் காட்டியிருந்தார். பாரு விஷயத்தில் பெற்ற தாயிடம்கூட உண்மை பேசாத கடற்கரை அது. போதாததற்கு, முதுகுக்குப் பின்னால் இன்னொரு வள்ளக்காரன் ஆபேல் நின்றான். இவர்கள் வள்ளத்தை வேவு பார்ப்பவன் என்பது செல்வதாஸின் நெடுநாள் சந்தேகம்.

"நேர் தெக்க, இருவது மைல்."

யார் கேட்டாலும் சொல்லிப் பழகிய பொய். நாக்கு முந்திக்கொண்டது. பிறகு தனியாகத் திருத்திவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் திரையில் சிவப்புப் புள்ளிகள் முளைத்து, நீரோட்டத்தோடு நகரத் தொடங்கிவிட்டன.

"அய்யாயிரம் புள்ளி அண்ணா. ஒவ்வொண்ணும் லிஜின் இருக்க வாய்ப்புள்ள இடம்."

மூன்று நாள் கப்பல் தெற்கே அலைந்தது. உண்மையைச் சொல்லிவிடத்தான் செல்வதாஸ் தினமும் வந்தான். லிஜினின் மனைவி குளோரியின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவான். கண்ணை மூடினால் புள்ளிகள். சுவரில் புள்ளிகள், கஞ்சியில் புள்ளிகள். அத்தனையும் தம்பி முகத்தோடு இவனைப் பார்த்தன. ஒன்றாவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

நான்காம் நாள் மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் உடைந்தான். "நான் பொய் சொன்னேன். அவன் தென்மேக்குப் பாருலதான் நின்னான், முப்பது மைல்ல."

பிரிஜா எண்களை மாற்றினாள். புள்ளிகள் மொத்தமாக இடம் மாறி, கப்பல் தொடாத கடலில் போய் நின்றன. "கப்பலுக்குச் சொல்லுதேன். ஆனா நாலு நாள் ஆச்சே அண்ணா."

ஆபேல் தலையில் கைவைத்தான். "அந்தப் பாருவயா மறச்ச? ஏலே மக்கா, அது எங்களுக்குத் தெரிஞ்சு எட்டு வருசமாச்சு. உங்க அப்பன் பாருன்னுதான் நாங்க யாரும் அங்க வலை போடல. நீ தெக்கன்னு சொன்னதும், அவன் வேற இடம் போயிருக்கான்னுல்லா நெனச்சேன்."

 குளோரி திரையருகே வந்து ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தாள். அது அவள் விரலுக்கடியிலிருந்து விலகி மேற்கே போனது.