பல்லைப் பார்த்துச் சொன்ன வயது

சாமளாபுரம் தியேட்டரில் போன ஞாயிறு ஒரு பழைய படம் போட்டார்கள். சின்ன ஊர்ப் பெண்ணொருத்தி பெரியவளாகிற கதை. வரப்பில் ஓடும் பிஞ்சுக் கால்களைக் காட்டி, அடுத்த நொடியே கொலுசு போட்ட குமரிக் கால்களைக் காட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனீஸ் மாமா விசிலடித்தான். நான் நாற்காலியின் மறு ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டேன்.

நானும் ஒரே நொடியில் மூன்று வயது வளர்ந்தவள்தான். பனியன் கம்பெனியில் பதினெட்டு ஆகாதவர்களைச் சேர்த்தால், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வைக்கிற ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் அம்மா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். தானமாய் வந்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அந்த ஆள் என் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பதினைந்து. அம்மா அவரைக் கும்பிட்டாள்.

இடைவேளையில் மாமா எனக்கும் அம்மாவுக்கும் முறுக்கு வாங்கித் தந்தான். அம்மாவின் தம்பி, முப்பத்திரண்டு வயது.

"அக்கா, ஆஷாவுக்குத்தான் சர்ட்டிபிகேட்டு இருக்குல்ல. ஆவணியில கல்யாணத்த முடிச்சிருவோம்."

"ஆமாடா, எவன் கேட்டாலும் காட்டிக்கிரலாம்" என்றாள் அம்மா. என்னைப் பெற்ற வருசம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. முறுக்கைக் காலடியில் போட்டு மிதித்தேன்.

புதன்கிழமை ஆடிட் வந்தது. சூப்பர்வைசர் அர்த்தநாரி ஒவ்வொரு டேபிளாக வந்தார்.

"கண்ணு, வயசு கேட்டாங்கன்னா பதினெட்டுன்னு சொல்லிப் போடு. கம்பெனி மானமே உன்ர வாயிலதான் இருக்குது."

ஆடிட்டர் மேடம் என்னிடமும் கேட்டார்.

"பதினஞ்சு. எழுதிக்கோங்க" என்றேன்.

அர்த்தநாரியின் சிரிப்பு அப்படியே செத்துப்போனது. மாலையில் சீல் வைத்த தாள் ஒன்று கைக்கு வந்தது: வயது பதினைந்து என்பதால் வேலையிலிருந்து நீக்கம்.

"சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடி பாவி" என்று வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பூ, பழத்தட்டோடு மாமா உள்ளே வந்தான். பல் டாக்டர் சர்ட்டிபிகேட்டையும் கம்பெனித் தாளையும் அவன் முன்னால் விரித்தேன்.

"போலீசு வந்தா எதக் காட்டுவீக மாமா?"

இரண்டையும் மாறி மாறிப் படித்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் வாசலில் திரும்பி நின்றான்.

"இன்னும் மூணு வருசந்தான கழுத. காத்திருக்கேன்" என்று பல்லைக் காட்டினான்.

சீ.